கட்டம் தப்பு

கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க சார், உங்களுக்குத் தமிழ் வேகமா வாசிக்க வருமா? வருமா, நல்லது. இந்தப் போன்ல ஒரு பதில் வந்திருக்கு. பஸ் ஏறும்போதே டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு. அதை வாசிச்சுச் சொல்லணும், அவ்வளவுதான். எழுத்து தெரியாத ஆளுன்னு நினைச்சுடாதீங்க. உறையூர்ல வந்து ஸ்ரீ மீனலோசனி திருமணத் தகவல் மையம் உலகநாதன்னு கேட்டுப் பாருங்க, சின்னக் குழந்தை கூட வழி காட்டும். கிளம்பற அவசரத்துல கண்ணாடியை மேஜை மேலயே வெச்சிட்டு வந்துட்டேன். கண்ணாடி இல்லேன்னா எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரிதான்.

திறக்கலையா? சுத்துதா? சுத்தட்டும், மாத்தூர் தாண்டுற வரைக்கும் அப்படித்தான். ஆனா புதுக்கோட்டைக்குள்ள போறதுக்கு முன்னாடி திறந்தாகணும் சார். அங்க ஒரு மனுஷன் எனக்காக உக்காந்திருக்காரு. சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஆவுடையப்பன்னு பேரு. அவரு பையனுக்குத்தான் எங்க நிரோஷினியைப் பேசி வெச்சிருக்கோம். நிரோ என் தங்கச்சி மக. இந்தப் போன்ல வந்திருக்கிற பதில்ல "புதுசு தப்பு"ன்னு ஒரு வரி இருந்தா அவளுக்குக் கல்யாணம். இல்லேன்னா இன்னைக்கோட எல்லாம் முடிஞ்சுது.

எதுல புதுசுன்னு கேக்கறீங்களா? சாஃப்ட்வேர் சார். ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேர். "கோள்நிலை"ன்னு பேரு. அந்தப் பேருக்குத் தகுந்த மாதிரி கோளாறு. இலவசம்தான். நாலஞ்சு பேரு சேந்து செய்யறாங்க, ஆளுக்கொரு ஊர்ல உக்காந்துகிட்டு. ஓபன் சோர்ஸ்னு சொல்லுவாங்களே, அது. யாரும் யாருக்கும் சம்பளம் குடுக்கறதில்லையாம். அதுல பெரிய ஆளு தேவசகாயம்னு ஒருத்தன். ஜோசியத்துல நம்பிக்கை கிடையாதாம் அவனுக்கு, கிரகக் கணக்குல மட்டும் ஆசையாம், அவனே எழுதியிருந்தான். நம்பிக்கை இல்லாதவன் கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்.

முதல்லேர்ந்து சொல்றேன். எங்க மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கச்சி வீட்டுக்காரருக்கு, கொழும்புல செட்டியார் தெருவுல நகைக்கடை வேலை. நிரோ அங்கதான் பொறந்தா. அவளுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது அவரு போய்ச் சேந்துட்டாரு. நான் போய் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேன். அன்னைலேர்ந்து நான்தான் அவளுக்கு அப்பன். ஸ்கூல் பீஸு, காலேஜு, எல்லாம் நான். இப்போ ஏதோ கம்பெனில டெஸ்டிங் வேலை பாக்கறா. என்னடி வேலை அதுன்னு கேட்டா, அடுத்தவன் செஞ்சதுல தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு எழுதிக் குடுக்கணும் மாமா, அதான்ங்கறா. அதுக்கும் சம்பளம் குடுக்கறான் பாருங்க.

ஆறு வருஷம் முன்னாடி அவ ஜாதகத்தை நான்தான் இதே சாஃப்ட்வேர்ல கணிச்சேன். விருச்சிக லக்னம், எட்டுல செவ்வாய். எட்டுல செவ்வாய்னா லேசுப்பட்ட தோஷமா? ஊருக்கெல்லாம் பொருத்தம் பாக்கறவன் நான், என் வீட்டுப் பொண்ணுக்கு இப்படி. சரி, செவ்வாய்க்குச் செவ்வாய் சேத்துட்டா தோஷம் இல்லேன்னு மனசைத் தேத்திக்கிட்டு, தோஷம் இருக்கிற பையனாவே தேட ஆரம்பிச்சேன். சுலபமா கிடைக்கல சார். கிடைக்கவே இல்ல.

நடுவுல, நாலு வருஷம் முன்னாடி, ஒண்ணு நடந்துச்சு. கூட வேலை பாக்கற பையன், பிரசன்னான்னு ஒருத்தன், அவங்கம்மாவைக் கூட்டிட்டு நேரா வீட்டுக்கே வந்துட்டான். நல்ல பையன்தான், நான் இல்லேங்கல. ஆனா சுத்த ஜாதகம், தோஷம் துளி கூட கிடையாது. அவங்களை உக்கார வெச்சுக் காப்பி குடுத்து, அம்மா, உங்க பையன் உசுரோட விளையாட எனக்கு மனசு வரலேன்னு சொல்லி அனுப்பிட்டேன். நிரோ டம்ளரை எல்லாம் எடுத்துட்டு உள்ள போனா. போகும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டா, மாமா, இந்தக் கட்டம் தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு. கட்டம் தப்பாகாதுடி, கம்ப்யூட்டர் போட்டதுன்னேன்.

என் தங்கச்சி கமலவேணியும் அப்போ ஏதோ சொல்ல வந்தா. அண்ணே, இவ பொறந்தப்போ அங்க கவர்மெண்டு கடிகாரத்தை எல்லாம் முன்னாடி தள்ளி வெச்சிருந்துச்சு, பழைய நேரம் புது நேரம்னு ரெண்டு பேசுவோம்னு. சும்மா இருடி, கிரகமெல்லாம் கவர்மெண்டு ஆர்டர் பாத்தா சுத்துதுன்னு கேட்டேன். அதோட அடுப்படிக்குப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்க புரியப் போகுது.

இப்போ திறந்துச்சா? இன்னும் சுத்துதா. நீங்க போனைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் பிடிங்க சார். விழுந்துடப் போகுது, உள்ளதான், உள்ளதான்.

இந்த வருஷம்தான் ஆவுடையப்பன் சார் பையன் அமைஞ்சான். செவ்வாய் தோஷம் பக்காவா இருக்கு, அரசாங்க வேலை, வேறென்ன வேணும். வெத்தலை பாக்கு மாத்தற அளவுக்கு வந்துட்டோம். அந்த நேரம் பாத்து இந்தக் கோள்நிலைக்காரங்க புதுசா ஒண்ணு வெளியிட்டாங்க. அப்டேட்னு வந்துச்சு, அமுக்கினேன். ஒரு பிரிண்ட் எடுக்கலாம்னு நிரோ ஜாதகத்தைத் திறந்தா, சார், லக்னம் துலாம்ங்குது! செவ்வாய் எட்டாம் வீட்டைக் காலி பண்ணிட்டு ஒன்பதுக்குக் குடி போயிடுச்சு. தோஷம் இல்லவே இல்ல! ஆவுடையப்பன் சார் சர்வேயர் புத்தி உள்ளவரு. அவரும் அதே புதுசை இறக்கிப் போட்டுப் பாத்துட்டாரு. போன் பண்ணி, உலகநாதன் சார், உங்க பொண்ணு சுத்த ஜாதகம், எங்க பையனுக்குத் தோஷம், நாளைக்கு உங்க பொண்ணுக்கு ஒண்ணுன்னா அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம்னுட்டாரு.

நான் விடுவேனா? அந்தச் சாஃப்ட்வேர்க்காரங்க கோளாறு சொல்றதுக்குன்னே ஒரு பக்கம் வெச்சிருக்காங்க. யார் வேணா எழுதலாம், யார் வேணா படிக்கலாம். அதுல போய்ப் பளிச்சுன்னு எழுதினேன். "கட்டம் தப்பாக வருகிறது. உடனே சரி செய்யவும். மிக மிக அவசரம்." ஆச்சரியக்குறி ஒரு ஏழெட்டு போட்டேன். அப்போதானே படிப்பான்.

அந்தத் தேவசகாயம் என்ன பதில் போட்டான் தெரியுமா? "வணக்கம் ஐயா, எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? இந்த எழுத்துருவை நிறுவிப் பாருங்கள்"னு ஒரு ஃபான்ட்டை அனுப்பறான். சரி, பெரிய மனுஷன் சொல்றானேன்னு போட்டுப் பாத்தேன். எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகா வருது. செவ்வாய் மட்டும் ஒன்பதுலயே உக்காந்திருக்கு! "எழுத்து நன்றாகத்தான் உள்ளது. கட்டம்தான் தப்பு. படித்துவிட்டுப் பதில் போடவும்"னு திருப்பிக் குடுத்தேன்.

உடனே, கட்டத்தோட கோடு விட்டுப்போய் வருதா ஐயாங்கறான். பிரிண்டர் எதுங்கறான். எந்தப் பதிப்புங்கறான். எந்தக் கம்ப்யூட்டருங்கறான். கோர்ட்ல கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க சார். ஜாதகம் போடற சாஃப்ட்வேர்ல கட்டம்னா ராசிக் கட்டம், பன்னெண்டு வீடு, இது கூடவா சொல்லித் தரணும்?

என்ன சிரிக்கறீங்க? ராசிக் கட்டம்னு நான் எழுதினேனாவா? கட்டம்னு எழுதினேன். போதாதா?

அப்புறம் படம் அனுப்புங்கன்னான். அனுப்பினேன். கம்ப்யூட்டரை இந்தப் போன்லயே போட்டோ எடுத்தேன். பேரு, தேதி, நேரம் எல்லாம் தெரியுமே, கன்னிப் பொண்ணு ஜாதகமாச்சே, அதனால கட்டைவிரலால அதையெல்லாம் மறைச்சுப் பிடிச்சுக்கிட்டு எடுத்தேன். அதுக்கு அவன், "ஐயா, படத்தில் உங்கள் விரல்தான் தெளிவாக இருக்கிறது"ன்னு எழுதறான். கிண்டல் சார். என்கிட்ட கிண்டல்!

பொறந்த தேதி, நேரம், ஊரு மூணும் குடுத்தாத்தான் தன்னால போட்டுப் பாக்க முடியுமாம். ஊரு பூரா படிக்கிற இடத்துல வீட்டுப் பொண்ணு ஜாதகத்தை எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்க. சரி, பொதுவில் வேண்டாம் என்றால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்னு அடுத்த பதில். அது அதைவிட மோசம். பொண்ணு ஜாதகத்தைத் தனியா கேக்கறான் பாருங்க. நான் பச்சையாவே எழுதிட்டேன், உனக்கு அக்கா தங்கச்சி இல்லையான்னு.

அப்பவும் எனக்குக் கோவம் அடங்கல. எங்க ஜோதிடர் வாட்ஸப் குரூப்ல விஷயத்தைப் போட்டேன். நாப்பது பேரு போய் அந்தப் பக்கத்துல வரிசையா எழுதினாங்க, "கட்டம் தப்பு", "கட்டம் தப்பு", "கட்டம் தப்பு"ன்னு. அதுல பாதிப் பேரு அந்தச் சாஃப்ட்வேரைப் பாத்தது கூட இல்ல, எனக்காக எழுதினாங்க. நானும் விடல, கண்ணுல பட்ட வேற எல்லார் புகாருக்கும் கீழ போய், இதையெல்லாம் விடு, முதல்ல என் கட்டத்தைச் சரி பண்ணுன்னு எழுதினேன். எவனோ ஒருத்தன் குறுக்க வந்து, ஐயா, இவர்கள் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள், கொஞ்சம் பொறுமைன்னான். இலவசம்னா குப்பையைக் கொட்டலாமான்னு கேட்டேன்.

கடைசியா தேவசகாயம் எழுதினான். "பகலில் எனக்கு வேறு வேலை. ராத்திரி குழந்தைகள் தூங்கிய பிறகு இதைச் செய்கிறேன். இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. கொஞ்ச நாள் விலகி இருக்கிறேன்"னு. எழுதிட்டு, இனிமே யாரும் எழுத முடியாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டிட்டான் சார்! பாருங்க, தப்பு அவன் மேல, பயமும் அவனுக்கு.

நேத்து ஆவுடையப்பன் சார் கடைசியா சொன்னாரு. செஞ்சவங்க வாயாலயே புதுசு தப்புன்னு ஒரு வரி வாங்கிட்டு ரெண்டு மணிக்குள்ள வாங்க, பேசலாம். இல்லேன்னா வேற இடத்துக்கு வாக்கு குடுத்துடறோம்னு. நிரோவுக்கு இருபத்தேழு ஆச்சு. வேற வழியில்லாம தேவசகாயத்தோட மெயிலைத் தேடிப் பிடிச்சு, என் வாழ்க்கையில முதல் தடவையா "தயவுசெய்து"ன்னு ஒரு வார்த்தை போட்டேன். கொழும்புல பொறந்த பொண்ணு ஜாதகம், லக்னம் விருச்சிகம் இருக்கிற இடத்துல துலாம் வருது, கல்யாணம் நிக்குதுன்னு. தேதி மட்டும் குடுக்கல. அதுக்குத்தான் இந்தப் பதில்.

கீரனூர் வந்துடுச்சா? இப்போ சிக்னல் வரும். வந்துச்சா? திறந்துச்சா? படிங்க சார், படிங்க. கொஞ்சம் சத்தமாவே படிங்க, பரவால்ல.

"மன்னிக்கவும்"னு போட்டிருக்கானா! பாத்தீங்களா சார்! நான் சொன்னேன்ல! அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படிங்க. "நீங்கள் ராசிக் கட்டத்தைச் சொல்கிறீர்கள் என்று இப்போதுதான் புரிந்தது, மன்னிக்கவும்." வந்தான் பாருங்க வழிக்கு. இது போதும், ஆவுடையப்பன் சார்கிட்ட இதைக் காட்டினாலே... இன்னும் இருக்கா? படிங்க.

"ஆனால் இது கோளாறு அல்ல, திருத்தம்." என்ன திருத்தம்? நிறுத்திப் படிங்க, பஸ் சத்தத்துல சரியாக் கேக்கல. "தொண்ணூற்றாறிலிருந்து இரண்டாயிரத்தாறு வரை இலங்கையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். எங்கள் பழைய பதிப்பு அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இத்தனை நாள் அந்த வருடங்களில் அங்கே பிறந்தவர்களுக்கு லக்னம் தவறாக வந்திருக்கலாம். பழையதுதான் தப்பு, புதியது சரி."

இல்ல சார். இவனுக்கு... ஆறு வருஷமா வந்த கட்டம் எப்படி சார் தப்பாகும்? இவன் தப்பை மறைக்கறதுக்கு ஒரு கதை கட்டறான். கவர்மெண்டு கடிகாரமாம். எவனோ சொல்லியிருக்கான் இவன்கிட்ட.

என்ன? யார் சொன்னாங்கன்னும் போட்டிருக்கானா? "இதை முதலில் கண்டுபிடித்து எழுதியவரின் முறையீடு கீழே. இவ்வளவு தெளிவான முறையீடு எங்களுக்கு வந்ததே இல்லை"ன்னா போட்டிருக்கான்? ஓ, அதுவா. அந்தப் பக்கத்துல நான் பாத்திருக்கேன் அதை. நீளமா, ரெண்டு பக்கத்துக்கு. எவளோ ஒருத்தி தன் சொந்த ஜாதகத்தையே ஊர் முன்னாடி போட்டிருந்தா, தேதி நேரத்தோட. வெக்கம் மானம் இல்லாத ஜென்மம்னு நினைச்சுக்கிட்டு மேல தள்ளிட்டேன், படிக்கல. அதைத் திறங்க. என்னதான் எழுதியிருக்கான்னு பாப்போம். ஏதாவது ஓட்டை இல்லாமயா இருக்கும்.

"பிறந்த ஊர்: கொழும்பு, கொட்டாஞ்சேனை." சரி. நம்ம மாப்பிள்ளை, நிரோ அப்பா, இருந்ததும் கொட்டாஞ்சேனைதான். நம்ம ஆளுங்க அங்க நிறைய பேரு உண்டு. மேல.

"தேதி..." என்ன தேதி சொன்னீங்க?

இன்னொரு தரம் சொல்லுங்க.

தொண்ணூத்தெட்டு ஜூலை இருபத்திநாலு. நேரம்? மத்தியானம் ரெண்டு அஞ்சு.

ம். படிங்க. ஒண்ணுமில்ல, வெயில், அதான். படிங்க நீங்க.

"வந்தது: விருச்சிகம். வர வேண்டியது: துலாம். நேரம் ஆஸ்பத்திரிக் கடிகாரத்தின்படி, அதாவது புது நேரம், என்பதை அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்." அம்மாகிட்ட. "கையால் கணக்குப் போட்டும் பார்த்துவிட்டேன்." கையாலயேவா. "இந்தத் தவறினால் ஏற்பட்ட பாதிப்பு:" அப்படின்னு ஒரு கேள்வி இருக்கா அதுல? நானும்தான் எழுதினேன், எனக்கு அதைப் பாத்த ஞாபகம் இல்லையே. என்ன போட்டிருக்கா?

"நான்கு வருடம்."

அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா? "இலவசமாக இதைச் செய்து தருகிறீர்கள், மிக்க நன்றி. அவசரமில்லை, முடிந்தபோது பாருங்கள்." அவசரமில்லைன்னா போட்டிருக்கா.

பாருங்க சார், அன்னைக்கு அந்த ஊர்ல, அதே நிமிஷத்துல, இன்னொரு பொண்ணும் பொறந்திருக்கு. பெரிய ஊரு. பொறக்கும். ஒரே ஆஸ்பத்திரில கூட ரெண்டு பொறக்கும், அதுல என்ன இருக்கு.

கீழ பேரு போட்டிருக்கா?

வேணாம். படிக்காதீங்க. நான் கேக்கல. போனைக் குடுங்க இப்படி. இல்ல, உங்ககிட்டயே இருக்கட்டும், எனக்குத்தான் தெரியாதே.

அன்னைக்கு அந்தக் காப்பி டம்ளர், அவ குடிச்சுப் போட்டதா அது, அவங்க குடிச்சது. அவங்கம்மா குடிச்சது, அந்தப் பையன் குடிச்சது. ஒவ்வொண்ணா எடுத்து, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு, சத்தமே வராம எடுத்துட்டுப் போனா சார். என் குழந்தை அவ. என்கிட்ட கத்தியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை கத்தியிருந்தா நான் என்ன, கேக்காமயா இருந்திருப்பேன்?

புதுக்கோட்டையா? வந்துடுச்சா அதுக்குள்ள. நீங்க இறங்குங்க, உங்களுக்கு வேலை இருக்கும். நான் இறங்கல. இந்த வண்டியே திரும்பத் திருச்சிக்குத்தானே போகும்? கண்டக்டர்கிட்ட ஒரு டிக்கெட் சொல்லிட்டா ஆச்சு. ஆவுடையப்பன் சாருக்குப் போன்ல சொல்லிக்கறேன், உங்க பையனுக்கு நல்ல இடமா அமையட்டும்னு. அந்தப் பிரசன்னாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு தெரியல சார். யார்கிட்ட கேக்கறது அதை. அவகிட்டதான் கேக்கணும்.

ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். இறங்கறதுக்கு முன்னாடி எனக்காக ஒரே ஒரு வரி அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. அந்த ஆளுக்குத்தான், தேவசகாயத்துக்கு. "ஐயா, கட்டம் சரியாக வருகிறது"ன்னு போடுங்க. ராசிக் கட்டம்னு தெளிவா போடுங்க, இல்லேன்னா மறுபடியும் ஃபான்ட் அனுப்பிடுவாரு. போட்டாச்சா? ஆச்சரியக்குறி வேணாம் சார்.